இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு யூதச் சிறுவன் யுத்தத்துக்குத் தப்பிப் படித்த கதை. யாழ்ப்பாணத்து மேடையில் யூதச் சிறுவனுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது தெரிகிறது. நம்மிற் பெரும்பாலோர் யூதரைப் புத்தகத்திலன்றி வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும், ஒரே இரவில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை பிறகு எந்த வாங்கில் இருந்து படித்தான், யார் படிப்பித்தார் என்று விசாரிப்பதற்கு எங்களைவிட உரித்துடையவர் யார்? ஆகவே சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். கடைசியில் நம்மூருக்கு வந்து சேருவேன்.

அச்சிறுவனின் பெயர் லோதார் பாரூக். 1925 ஆம் ஆண்டில், அப்பொழுது ஜேர்மனிக்கு உரியதாயிருந்த கோஸ்லின் என்னும் பட்டினத்திற் பிறந்தவன். அவ்வூர் இரண்டாம் உலக யுத்தத்தின் பின் போலந்து நாட்டைச் சேர்ந்துவிட்டது. தகப்பனார் ஊரூராய்ச் சென்று வியாபாரம் பார்த்தவர். ஒரு தமக்கை உண்டு. வறுமையும் இல்லை, பெருஞ் செல்வமும் இல்லை. நம்மூர்க் குடும்பங்களைப்போல ஒரு நடுத்தரக் குடும்பம். 1933 இல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தபோது பையனுக்கு 7 வயது.

பள்ளிக்கூடத்திலேதான் துன்பம் தொடங்கிற்று. வகுப்பில் யூதப் பிள்ளையை உபாத்தியாயரே முன்னின்று அவமதித்தால் மற்றப் பிள்ளைகளைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பெற்றோர் பொறுத்துப் பார்த்தனர். பொறுக்கமுடியாமற் போகவே, 1936 இல் அவனைப் பேர்லின் நகரில் இருந்த யூத அநாதை விடுதியொன்றிலே கொண்டுபோய்ச் சேர்த்தனர். தாயுந் தகப்பனும் உயிரோடு இருக்க அநாதை விடுதி! பிள்ளை நிம்மதியாய்ப் படிக்கவேண்டும் என்பதற்காக அந்தப் பெற்றோர் எடுத்த முதலாவது முடிவு அது. இரண்டாவது முடிவு இதனிலும் கடினமானது.

1938 நவம்பர் 9 ஆம் திகதி இரவு ஜேர்மனி முழுவதும் யூதருடைய ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள், கடைகளை உடைத்தார்கள், ஏறக்குறைய 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். ஆறு நாட் கழித்து, ஜேர்மன் பள்ளிக்கூடங்களில் யூதப் பிள்ளைகள் இருக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. ஒரு சமூகத்தை அழிக்க முற்பட்டவர்கள் ஆலயத்துக்கு அடுத்தபடியாகக் கைவைத்தது பள்ளிக்கூடத்திலே என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

இங்கிலாந்திலே சில நல்ல மனிதர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரும் யூதப் பிரமுகர்களும், அரசாங்கத்திடம் சென்று மன்றாடினார்கள். பிள்ளைகளை மட்டும் உள்ளே விட அரசாங்கம் இணங்கியது. 17 வயதுக்கு உட்பட்டவர்கள் வரலாம், பெற்றோர் வரலாகாது. பெரியவர்களை விட்டால் உள்ளூரில் உள்ளவர்களின் வேலைக்குப் போட்டியாகிவிடும் என்ற பயம். பிள்ளைகளால் பொதுப் பணத்துக்குச் செலவு வரலாகாது என்று தலைக்கு 50 பவுண் பொறுப்புப் பணமும் பின்னர் கேட்டார்கள். இதைக்கூடச் செய்யாத நாடுகள் பல. அமெரிக்காவிலே 20,000 பிள்ளைகளை ஏற்கவேண்டும் என்று 1939 இல் வந்த மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. ஆதலால் இங்கிலாந்தைக் குறை கூறுவதிலும் ஓர் அளவு வேண்டும். புகழ்வதிலும் ஓர் அளவு வேண்டும்.

முதற் கூட்டமாக ஏறக்குறைய 200 பிள்ளைகள் பேர்லினிலிருந்து புகையிரதம் ஏறி, ஒல்லாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் 1938 டிசெம்பர் 2 ஆம் திகதி ஹாரிச் துறைமுகத்தில் இறங்கினார்கள். 13 வயது லோதார் அவர்களுள் ஒருவன். விடுதி அதிபர் தெரிந்தெடுத்து அனுப்பிய பிள்ளைகளில் அவனும் அகப்பட்டது அவன் அதிர்ஷ்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம். கையில் ஒரு சிறு பெட்டி. சட்டைப்பையில் 10 மார்க் காசு. அதற்குமேற் கொண்டுபோக அனுமதி இல்லை. அடுத்த ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் இப்படி வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் யூதர். 1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி பிராக் நகரிலிருந்து ஏறக்குறைய 250 பிள்ளைகளோடு புறப்பட இருந்த வண்டி புறப்படவேயில்லை. அன்று யுத்தம் தொடங்கிவிட்டது.

புகையிரத மேடையிலே தாய்மார் கையசைத்த காட்சியைப் பலர் படமாகவும் கதையாகவும் உருக்கமாய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதில் அதிகம் தங்க விரும்பவில்லை. உருக்கம் குறைவு என்பதனாலன்று. பிரயாணம் ஒரு நாள் அல்லது இரண்டு நாள். அதன் பின்னர் வருகிற பத்து வருஷம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, பாஷை தெரியாது, உறவில்லை. உயிர் தப்பிவிட்டது, சரி. அந்த உயிரை வைத்துக்கொண்டு அவன் என்ன ஆவது? தப்பவைத்தவர்களிற் பலர் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை.

பிள்ளைகளை முதலில் டோவர்கோட் என்னுமிடத்தில் ஒரு முகாமிலே தங்கவைத்தார்கள். கோடைகாலத்தில் உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்குவதற்கெனக் கட்டிய மரக் குடில்கள். மாதமோ மார்கழி, அவ்வருஷம் கடுங்குளிர். ஞாயிற்றுக்கிழமைகளில் கனவான்களும் சீமாட்டிகளும் வந்து, சாப்பாட்டு மேசைகளுக்கிடையே நடந்து, தங்களுக்குப் பிடித்த பிள்ளையைத் தெரிந்துகொண்டு போவார்கள். சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளும் அழகான முகமுடையவர்களும் முதலிற் போனார்கள். வளர்ந்த பையன்கள் மீந்து நின்றார்கள். சந்தையில் மாடு பார்ப்பதுபோல இருந்தது என்று அப்பிள்ளைகளிற் பலர் பிற்காலத்திற் சொன்னார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், கருணையினாலேதான் வந்தார்கள். ஆனாற் கருணைக்கும் ஒரு முறை வேண்டும்.

அந்த முகாமை நடத்துவதற்கு உதவி செய்யும்படி அழைக்கப்பட்ட ஒரு மூதாட்டியைப்பற்றி இப்போது சொல்லவேண்டும். இவர்தாம் என் பேச்சின் நடுநாயகம். பெயர் அன்னா எசிங்கர். 1879 இல் ஜேர்மனியில் உல்ம் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர், விவாகம் செய்யாதவர், அமெரிக்காவிற் படித்தவர். 1926 இல் தம் ஊருக்கு அருகே ஹெர்லிங்கன் என்னும் கிராமத்தில் ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் ஒன்றாய்ப் படிப்பது, அடி இல்லாதது, கைவேலையும் படிப்பும் சமமென்பது அதன் கொள்கை.

1933 சித்திரையில் ஹிட்லரின் பிறந்த நாளன்று எல்லாப் பாடசாலைகளிலும் நாசிக் கொடி ஏற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. அம்மையார் வாதாடவில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் அனைவரையும் நாள் முழுவதும் நடைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டார். கொடி வெறும் கட்டடத்தின்மேற் பறந்தது. பிள்ளைகள் வாழும் வீட்டின்மேற் பறப்பதிலும் வெறும் வீட்டின்மேற் பறப்பது கேடு குறைந்தது என்பது அவர் எண்ணம். நான் இதைப் படித்தபோது நெடுநேரம் சிரித்தேன். எதிர்ப்பதற்கும் எத்தனை வழி!

ஆனால் அவர் சுற்றுலாவோடு நின்றுவிடவில்லை. இந்த நாட்டிலே இனிப் பிள்ளை வளர்க்க முடியாது என்று அந்த 1933 இலேயே முடிவு செய்தார். ஹிட்லர் வந்து சில மாதந்தான். மற்றப் பெரியவர்கள் எல்லாம், "இது சில நாளையில் அடங்கிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் இங்கிலாந்து சென்று குவேக்கர் நண்பர்களின் உதவியைப் பெற்று, கென்ற் மாகாணத்தில் பன்ஸ் கோட் என்ற பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தார். பெற்றோரை அழைத்து இரகசியமாகச் சம்மதம் பெற்றார். அவ்வருஷம் ஒக்டோபர் மாதத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் பள்ளிச் சுற்றுலாப் போகிறவர்களைப்போல வெவ்வேறு கூட்டமாகப் புறப்பட்டு எல்லையைக் கடந்து இங்கிலாந்தில் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் தனித்தனியே ஓடித் தப்பவில்லை. ஒரு பள்ளிக்கூடமே எழுந்து நடந்து போயிற்று.

இதைத்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பள்ளிக்கூடம் என்பது கட்டடமன்று என்று நாம் பரிசளிப்பு விழாக்களிற் பேசுவது வழக்கம். பேசிவிட்டுக் கட்டடநிதிக்குப் பணம் கேட்பதும் வழக்கம். அந்த அம்மையார் அதைச் செய்து காட்டினார்.

டோவர்கோட் முகாமிலே ஒரு சிலரைத் தம் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தெடுத்தார் அன்னா எசிங்கர். லோதார் அவர்களில் ஒருவன். 1939 தொடக்கத்தில் பன்ஸ் கோட்டுக்குப் போனான்.

அங்கே என்ன கண்டான்? பணமில்லாத பள்ளிக்கூடம். உபாத்தியாயர்களுக்குக் கைச்செலவுக்குப் போதுமான சிறு தொகைதான் சம்பளம். மரக்கறித் தோட்டம் போடுவது, கோழி வளர்ப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டைக் கூட்டுவது, உடைந்ததைத் திருத்துவது எல்லாம் பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் சேர்ந்து. பேர்லினில் பெயர்பெற்ற நாடக இயக்குநராய் இருந்த ஒருவர் அங்கே கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிற வேலை பார்த்தார்; பின்னேரங்களில் பிள்ளைகளைக்கொண்டு நாடகம் போட்டார். ஜேர்மனி வேண்டாமென்று துரத்திய பெரும் படிப்பாளிகள் ஒரு கிராமத்துச் சிறுவர் பள்ளிக்கூடத்தில் வந்து கூடினார்கள். உலகத்தில் எந்தப் பணக்காரப் பாடசாலைக்கும் கிடையாத உபாத்தியாயர் கூட்டம் அது.

அம்மையார் பெரிய கண்ணாடி அணிந்தவர். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்டிப்பானவர். பிள்ளைகள் அவரை "அன்னா மாமி" என்ற பொருள்பட "தாந்தே அன்னா" என்று அழைத்தார்கள். பயமும் உண்டு, பாசமும் உண்டு. எல்லாரும் ஆங்கிலமே பேசவேண்டும் என்பது அவர் சட்டம். வந்த நாட்டிலே பிழைக்கவேண்டிய பிள்ளைகள் என்பதால் அது நியாயமே. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. அங்கே கூட்டத்தோடு இருந்த பிள்ளைகளுக்காவது தம்மவர் பக்கத்தில் இருந்தனர். ஆங்கிலேயர் வீடுகளில் தனித்தனியே வளர்ந்த சிறு பிள்ளைகளோ சில வருஷத்துக்குள் தாய்ப்பாஷையை அடியோடு மறந்தார்கள். யுத்தம் முடிந்து தாய் உயிரோடு வந்து சேர்ந்த அபூர்வமான சில வீடுகளில் தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ளப் பொதுப் பாஷை இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த சிலர் அச்சமயத்திலே சேர்ந்துவிட்டனர். யூதக் குருமார் சிலர் இதற்காக மிகவும் போராடினார்கள். அடைக்கலம் கொடுத்த வீட்டாரைக் குறை கூறவும் முடியாது, அந்தக் குருமாரின் மனவேதனையைத் தள்ளிவிடவும் முடியாது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளை உடையவர்கள் இந்த மண்டபத்தில் நிரம்ப இருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

1940 இல் மறுபடியும் ஓட்டம். கென்ற் மாகாணம் பிரான்சுக்கு எதிர்க்கரை. ஜேர்மன் படை கடலைக் கடந்து வரும் என்று பயந்த காலம். இராணுவத்துக்கு வீடு வேண்டும் என்று குறுகிய தவணை கொடுத்து எழுப்பிவிட்டார்கள். வாங்கு, மேசை, புத்தகம், பானை சட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேற்கே வேல்ஸ் எல்லைக்குச் சமீபமாக ஷ்ரொப்ஷயரில் ட்ரெஞ்ச் ஹோல் என்ற வீட்டுக்குப் போனார்கள். அதே நேரத்தில் இன்னொரு கொடுமை. ஹிட்லருக்குத் தப்பி வந்த உபாத்தியாயர்களையும் 16 வயது தாண்டிய பையன்களையும், ஜேர்மனியிற் பிறந்தவர்கள் எதிரி நாட்டார் என்று சொல்லி, பொலீசார் பிடித்து முகாமில் அடைத்தனர். பூனைக்குப் பயந்து ஓடிய எலியைப் பூனையின் உறவென்று பிடித்த கதை. மீந்தவர்களைக்கொண்டு அம்மையார் வகுப்பை நடத்தினார். ஆறு வருஷம் அங்கே இருந்து, 1946 இல் கென்ற்றுக்குத் திரும்பி, 1948 இல் பள்ளிக்கூடத்தை மூடினார். கடைசி வருஷங்களில், வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய சிறுவர் சிலரும் அங்கே வந்து படித்தார்கள். 1960 இல் அம்மையார் காலமானார்.

லோதாரின் பெற்றோர் என்ன ஆனார்கள்? யுத்தம் தொடங்கியபின் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலமே செய்தி அனுப்பலாம். ஒரு கடிதத்துக்கு 25 சொல். தாய் தன் பிள்ளைக்கு 25 சொல்லில் என்ன எழுதுவாள்? சுகமாயிருக்கிறோம், நன்றாய்ப் படி என்பதன்றி வேறென்ன? 1942 இல் அந்த 25 சொல்லும் நின்றுபோயிற்று. அவ்வருஷம் ஒக்டோபரிலே தாய், தகப்பன், தமக்கை மூவரும் பேர்லினிலிருந்து ரீகா நகருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே காட்டிற் சுடப்பட்டார்கள். அவர்கள் மூவருந்தான் அவனுடைய குடும்பம் முழுவதும்.

பையன் பள்ளிக்கூடத்தை விட்டு, பேர்மிங்ஹாம் நகரில் ஆய்வுகூட உதவியாளனாய் வேலை பார்த்தான். பின்னர் பிரித்தானியப் படையிற் சேர்ந்தான். ஜேர்மன் படையிடம் அகப்பட்டால் பழைய பெயர் ஆபத்து என்பதால் பெயரை மாற்றும்படி அங்கே சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் லெஸ்லி பிரென்ற். யுத்தத்தின் பின் விலங்கியல் படித்து, பேராசிரியர் பீற்றர் மெடவாரிடம் ஆராய்ச்சி மாணவனாய்ச் சேர்ந்தான். இனி நான் "அவர்" என்றுதான் சொல்லவேண்டும். ஓர் உடம்பின் தோலை இன்னோர் உடம்பில் ஒட்டினால் அந்த உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடும். ஆனால் எலிக்குஞ்சு பிறக்குமுன்னரே வேறோர் இனத்து எலியின் உயிரணுக்களை அதற்குட் செலுத்திவிட்டால், பிறகு அந்த இனத்தின் தோலை அது தள்ளாமல் ஏற்றுக்கொள்கிறது என்று மெடவார், பில்லிங்ஹாம், பிரென்ற் மூவரும் 1953 இல் நிறுவினார்கள். பிற்காலத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை வளர்ந்ததற்கு இது ஓர் அடிக்கல். 1960 இல் மெடவாருக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது, பரிசுப் பணத்தில் தம் உதவியாளர் இருவருக்கும் பங்கு கொடுத்தார். வேற்று மண்ணிலே கொண்டுவந்து ஒட்டப்பட்ட பிள்ளை, அந்நியத்தை உடம்பு எப்படி ஏற்கிறது என்று ஆராய்ந்ததை விதியின் விளையாட்டு என்று சொல்லலாம். நான் பெரிதாய் எடுத்துச் சொல்லவில்லை. பேராசிரியர் பிரென்ற் 2019 டிசெம்பரிற் காலமானார். அதே பள்ளிக்கூடத்திலே படித்த பிராங்க் ஓவர்பாக் என்பவர் உலகம் போற்றும் ஓவியரானார். அவருடைய பெற்றோரும் திரும்பி வரவில்லை.

பிரென்ற்றும் ஓவர்பாக்கும் பெரியவர்களானதால் அந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அங்கே படித்துச் சாதாரண தச்சராயும் தாதியாயும் வாழ்ந்தவர்களுக்கும் அது வீடுதான். நாசிகள் கொன்ற யூதப் பிள்ளைகள் ஏறக்குறைய 15 இலட்சம். அவர்களில் எத்தனை மெடவார், எத்தனை பிரென்ற் என்று கணக்குப் பார்ப்பதே பிழையான கணக்கு. பிள்ளை பிள்ளை என்பதே போதும்.

இனி நம்மூர்.

லோதாருக்கு 25 சொல்லும் நின்றுபோன அதே 1942 இல், யாழ்ப்பாணத்திலும் தபாற்காரன் வெறுங்கையோடு போன வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் மலாயாவிலிருந்து மணியோடரும் நின்றது, கடிதமும் நின்றது. தகப்பன் ஈப்போவிலோ கிள்ளானிலோ உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே மூன்றரை வருஷம் பிள்ளைகள் படித்தார்கள். சித்திரை 5 இல் கொழும்பிலே குண்டு விழுந்தது. உத்தியோகத்தர் பலர் மனைவி மக்களைக் கோச்சியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கொழும்பிலே ரோயல் கல்லூரிக் கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொள்ள, வகுப்புகளில் ஒரு பகுதி பண்டாரவளைக்குப் போயிற்று. சென் தோமஸ் கல்லூரியிலும் ஒரு பகுதி குருத்தலாவைக்குப் போயிற்று. ஆனால் அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஓடி வருகிற இடம், ஓடிப்போகிற இடமன்று.

பிந்திய கதை உங்களுக்குத் தெரியும். இளைஞர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். 1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டதும் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பினார்கள். தெல்லிப்பழை மகாஜனாவும் யூனியனும் காங்கேசன்துறை நடேஸ்வராவும் தம் பெயரையும் இடாப்பையும் மணியையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போயின. காலையில் வீட்டுக்குரிய பள்ளிக்கூடம், பின்னேரம் விருந்தாளிப் பள்ளிக்கூடம் என்று ஒரே வாங்கில் இரண்டு தலைமுறை படித்தது. நடேஸ்வராவின் மண் விடுபட்டது 2016 இலேதான். முதலாம் வகுப்பில் எழும்பிய பிள்ளை அதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிட்டது.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்குகிறது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. வலிகாமத்திலிருந்து நாலு இலட்சத்துக்குக் குறையாத சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் ஒரே இரவில் நகர்ந்தது. சில மைல் தூரத்துக்கு விடியும்வரை நடந்தோம். அப்பொழுது நானும் ஒரு உபாத்தியாயன். தென்மராட்சியிற் போய்ப் பார்த்தால், படிப்பிக்கப் பள்ளிக்கூடம் ஏது? பள்ளிக்கூடம் எல்லாம் சனம். மண்டபத்திலே அடுப்பு, வகுப்பறையில் ஐந்து குடும்பம். ஆகவே மாமரத்தின் கீழும் கிடுகுக் கொட்டிலிலும் தொடங்கினோம். கரும்பலகையைச் சைக்கிள் கரியரிற் கட்டிக்கொண்டு வந்த உபாத்தியாயர்களை நான் அறிவேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு; ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். முதல் நாள் நான் இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். "வந்தேன் ஐயா" என்று சொன்னவர்கள் சிலர். மற்றவர்கள் வன்னிக்குப் போனார்களா, எங்கே என்று தெரியாது. எனினும் பெயரைக் கூப்பிட்டதே பெரிய காரியம் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. தன் பெயரை ஒருவர் காலையில் ஒழுங்காய்க் கூப்பிடுகிறார் என்றால் பிள்ளைக்கு உலகம் இன்னும் முற்றாக இடியவில்லை. அன்னா எசிங்கரை அப்போது நாங்கள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அதுவும் செய்யமுடியாமற் போன பெற்றோர், இரு பக்கத்துத் துவக்குக்கும் பயந்து, பதினாலு பதினைந்து வயதுப் பையன்களைக் காணி ஈடு வைத்து முகவர் கையிற் கொடுத்து அனுப்பினார்கள். லோதாரின் தாயைப் புரிந்துகொள்ள நமக்கு வேறு வியாக்கியானம் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லாமல் இறங்கினால் என் பேச்சு அரைப் பேச்சு. அதே ஒக்டோபர் 30, ஆனால் ஐந்து வருஷம் முந்தி, 1990 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். பிள்ளைகள் விளையாடிய மைதானத்திலேயே அந்தக் கட்டளை. கையில் எடுத்தவற்றிலும் பெரும்பகுதி வழியிற் பறிக்கப்பட்டது. பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலும், அங்கே மற்றப் பிள்ளைகள் வீடு போனபின் பின்னேரப் பள்ளிக்கூடத்திலும் படித்தார்கள். நமது பள்ளிக்கூடங்கள் நம் கையோடு வந்தன, அவர்களுடையது சிதறிற்று. அவர்கள் வீதியால் போனபோது அயலவர்களாகிய நம்மிற் பெரும்பாலோர் படலையிலே நின்று பார்த்தோம்; பயத்திலே பேசாமல் இருந்தோம். 1938 இல் ஜேர்மன் அயலவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கும்போது, இந்தக் கேள்வியையும் கேட்கவேண்டியவனாயிருக்கிறேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துக்கு வந்த அப்பிள்ளைகள் ஐம்பது வருஷம் வாய் திறக்கவில்லை. பெற்றோர் இறந்தார்கள், நாங்கள் தப்பினோம், இதிற் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். 1989 இல் அவர்களில் ஒரு பெண்மணியின் முயற்சியால் லண்டனில் ஒன்றுகூடியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அப்பொழுது எல்லாரும் கிழவரும் கிழவியும். உபாத்தியாயர்களிற் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எழுதத் தொடங்கியதே அதன்பிறகுதான். பேராசிரியர் பிரென்ற் தம் சரித்திரத்தை வெளியிட்டது 80 வயதுக்குப் பின்.

நமக்கு 1995 கழிந்து முப்பது வருஷம் ஆகிறது. அன்று படிப்பித்தவர்கள் எழுபதையும் எண்பதையும் எட்டிவிட்டார்கள். மரத்தடியில் எழுதிய சம்பவத்திரட்டுப் புத்தகங்களைச் சில அதிபர்கள் பத்திரமாய் வைத்திருக்கிறார்கள். சிலவற்றைக் கறையான் தின்றுவிட்டது. வரவு இடாப்புகளைப் பழைய பேப்பரோடு விற்ற இடமும் உண்டு. சங்க வாலிபர்கள் சைக்கிளில் இல்லாவிட்டாலும் மோட்டார் சைக்கிளிலாவது ஊரூராய்ப் போய் இவற்றைப் படம் பிடித்துச் சேர்க்கவேண்டும். ஒஸ்மானியாவின் பழைய மாணவர்களிடமும் போகவேண்டும். புத்தளம் தூரம் என்று விடக்கூடாது. வியாசம் எழுதுங்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை.

வெளிவாசலில் மேசைமேல் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயர், அன்று படித்த வகுப்பு, பள்ளிக்கூடம், போய்ச் சேர்ந்த ஊர், மறுபடி வகுப்புத் தொடங்கிய இடம், முதல் நாள் இடாப்புக் கூப்பிட்டவர் பெயர் ஆகிய ஆறும் போதும். பேனையும் நூலிற் கட்டி வைத்திருக்கிறது.